ரைட் அவுட் வேலைக்கு மூன்று பேர்

இரண்டு ஆண்கள் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் பந்து விளையாடியவனையும் போன சனிக்கிழமை விளையாடியவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பேச ஆரம்பித்தால், நான் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். என் வீடானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி. மரியாதை தெரியாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பேச்சை நான் பதினோரு நாள் டைப் அடித்திருக்கிறேன், மூன்று கார்பன் காப்பியோடு.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் ஆபீஸ் மட்டும் பழைய துறைமுகத்துப் பக்கமே கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் தோணிகளின் பாய்மரம் தெரியும், உப்புக்காற்று வந்து டைப்ரைட்டர் எழுத்துகளைத் துருப்பிடிக்க வைக்கும். வாரம் ஒரு முறை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். அந்த வேலையும் என் தலையில்தான்.

தலைமை ஆபீஸ் மெட்ராசில். அங்கே இருந்தவர்களுக்கு ஒரே ஒரு வேதம்தான்: எதை வாங்கினாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு, மூன்றையும் கட்டம் போட்டு எழுதி, ஒப்பிட்டு அனுப்ப வேண்டும். அதற்குக் கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட் என்று பெயர். கயிறு வாங்கினாலும் மூன்று, காகிதம் வாங்கினாலும் மூன்று. ஒரு தடவை ஆபீசுக்குத் தண்ணீர் ஊற்றிவைக்க மண்பானை வாங்குவதற்கு மூன்று குயவர்களைத் தேடி ஏரல் சந்தைவரை ஆள் போயிற்று. ஆள் எடுப்பதற்கும் அதே சட்டம்தான். மூன்று பெயர் போகவேண்டும். மார்க்கில் முதலில் நிற்பவருக்கு ஆர்டர் வரும்.

எங்கள் மேனேஜர் கல்லூரிக் காலத்தில் கால்பந்து கேப்டனாக இருந்தவர். வயிறு முன்னால் வந்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் நடக்கும்போது வழியில் கல் கிடந்தால் உதைக்காமல் போகமாட்டார். ஹெட் கிளார்க் அண்ணாச்சி அதே கல்லூரியில் பத்து வருஷம் பிந்திப் படித்தவர், ஏரல்காரர். இவர் ஆடியதில்லை, ஆனால் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவர். ஆடியவரைவிடப் பார்த்தவருக்கு வாய் அதிகம் இருக்கும் என்பதை இவரிடம்தான் கண்டேன்.

கம்பெனிக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அந்த வருஷம் அணியின் ரைட் அவுட்டுக்கு முழங்கால் போயிற்று. வலது ஓரமாகக் கோடு ஒட்டி ஓடி, பந்தை நடுவுக்கு அனுப்புகிறவன் இல்லாவிட்டால் அணியே இல்லை என்பது மேனேஜரின் கட்சி. கப்பலில் ஏற்றுகிற, இறக்குகிற மூட்டைகளைக் கணக்குப் பார்க்கும் டேலி கிளார்க் இடம் ஒன்று காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு ஒரு ரைட் அவுட்டை எடுத்துப் போடலாம் என்று மெட்ராசிலிருந்து சம்மதம் வாங்கினார்.

என் தம்பி அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். கல்லூரி அணியின் ரைட் அவுட்.

எங்கள் அப்பா சாத்தான்குளம் பக்கம் மிஷன் பள்ளி வாத்தியார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த வருஷம் காலமாகிவிட்டார். அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தேன். என் சம்பளத்தில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. மாப்பிள்ளை பேச்சு எடுத்தாலே அம்மா, "அவனுக்கு ஒரு வேல அமையட்டும், பொறவு பாப்போம்" என்பாள். நான் போய்விட்டால் வீடு எப்படி நடக்கும் என்ற பயம். தம்பிக்கு அந்த வேலை கிடைக்கவேண்டும் என்று அவனைவிட நான்தான் தவித்தேன். அவனுக்காக மட்டும் தவித்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

விண்ணப்பம் போட்டது அவன் ஒருவன்தான். ஊரில் ஓடத் தெரிந்த மற்றவர்களையெல்லாம் மற்ற கம்பெனிகள் முன்னாலேயே வளைத்துப் போட்டிருந்தன. ஒரே ஆள், வேலை கையில் விழுந்த மாதிரிதான் என்று நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஜெபக்கூட்டத்தில் எழுந்து, ஆண்டவர் மகனுக்கு வேலை கொடுத்துவிட்டார் என்று சாட்சி சொல்லிவிட்டாள். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா, ஒரு பேர வச்சிக்கிட்டு என்ன செய்ய? மூணு பேரு இல்லாம மெட்ராஸ்காரன் தொடமாட்டான். ஒண்ண மட்டும் அனுப்புனா, டைப்பிஸ்ட்டு தம்பின்னு எவனாவது மொட்டக்கடுதாசி போட்ருவான்."

"வேற ஆளு அப்ளிகேஷன் போடலயே சார்."

"போடலன்னா என்ன? காலேஜ் ரைட் அவுட்டுன்னா இவன் ஒருத்தன்தானா? இதுக்கு முன்ன எத்தன பேரு ஆடியிருக்கான்!"

எனக்குப் புரியவில்லை. ஹெட் கிளார்க் அண்ணாச்சிக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதத்திலேயே இது சீக்கிரத்தில் முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் முதல் பெயராகச் சொன்னது பெரியதாழைக்காரர் ஒருவரை. மேனேஜர் கேப்டனாக இருந்த காலத்தில் ரைட் அவுட் ஆடியவர். படிப்பை முடிக்காமல் ஊருக்குப் போனவர், இப்போது கடலில் சங்கு குளிக்கிறார். அண்ணாச்சி சொன்னது அறுபதுகளில் ஆடிய ஏரல் பையன் ஒருவனை. அவன் கடைசி வருஷப் பரீட்சைக்கு முன்னாலேயே மஞ்சள்காமாலையில் செத்துப்போனவன்.

"அண்ணாச்சி, அவரு செத்துட்டாருல்லா" என்றேன்.

"அதுக்கு? அவன் ஆடுனது இல்லன்னு ஆயிருமா?"

"வேலைக்கு எப்பிடி வருவாரு?"

மேனேஜர் என்னைச் சமாதானப்படுத்தினார். "எம்மா, இது சும்மா ஒரு கணக்குக்கு. ஒன் தம்பிதான் மொதல்ல வரப்போறான். அந்த ரெண்டு கட்டமும் நெரப்பத்தான்."

இதைக் கேட்டு நானும் மண்டையை ஆட்டினேன். மண்பானைக்கே மூன்று பேர் தேடிய ஆபீசில் இருந்த எனக்கும் புத்தி கொஞ்சம் கோணலாகத்தான் போயிருந்தது.

கட்டங்கள் போட்டோம். வேகம், பந்து அடக்கம், நடுவுக்கு அனுப்பும் கிராஸ், இடது கால், தைரியம். கடைசியாக, இனி எவ்வளவு தூரம் வளருவான் என்பதற்கு ஒரு கட்டம். மேனேஜர் அதைப் பொட்டென்ஷியல் என்றார். வழக்கமான படிவத்தில் வயது என்று ஒரு கட்டம் உண்டு, அதையும் நான் அடித்திருந்தேன். மேனேஜர் சிவப்புப் பென்சிலால் அதை அடித்துவிட்டார்.

"வயசப் போட்டா ஒப்பீடு கெட்டுப் போவும். மூணு பேரையும் இருபத்தோரு வயசுல நிறுத்திப் பாக்கணும். அதுதான் நியாயம்."

அவர்கள் நியாயம் பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்குக் கேடு காலம் தொடங்கியது.

முதல் நாள் வேகம். பெரியதாழைக்காரர் கார்னர் அடித்துவிட்டுத் தானே ஓடிப்போய், அதே பந்தைத் தலையால் முட்டிக் கோல் போட்டார் என்று மேனேஜர் சொன்னார். சட்டப்படி ஒரே ஆள் அப்படித் தொடர்ந்து தொடக்கூடாது என்று கால்பந்து தெரியாத எனக்கே தம்பி சொல்லியிருக்கிறான். மேனேஜர் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அண்ணாச்சி விடவில்லை.

"அப்ப கோல் போஸ்ட்டு கெழக்க மேக்க இருந்துச்சு சார். கச்சான் காத்து முதுகுல தள்ளுச்சு. அந்தக் காத்துல உப்பு மூட்டையே ஓடும். பொறவு புதுக் கட்டடம் கட்டி, தெக்க வடக்க மாத்துனாவ. எங்க ஆளு குறுக்குக் காத்துல ஓடுனவன்."

"வெறுங்கால்ல ஓடுனான்டே எங்காளு! ஒங்காளுக்கு பூட்ஸு உண்டுல்லா."

"வெறுங்காலுக்கு வெயிட்டு கெடயாதே சார். அது லாபம்தான."

இப்படியே மத்தியானச் சாப்பாடுவரை போகும். வெறுங்கால் லாபமா, நஷ்டமா? மழையில் ஊறிக் கனத்துப்போன தோல் பந்தைத் தூக்கி அடித்தவன் பெரியவனா, லேசான பந்தை வளைத்து அடித்தவன் பெரியவனா? அந்தக் காலத்தில் தடுத்து ஆடும் பேக்குகள் காலையே உடைப்பார்கள் என்றால், இந்தக் காலத்துப் பேக்குகள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மார்க் கூடும், ஒரு மார்க் குறையும். நான் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் சொருகுவேன். கப்பலில் சரக்கு இறங்காமல் கிடந்தது. புதுத் துறைமுகத்திலிருந்து போன் வந்தால் மேனேஜர், "முக்கியமான ஃபைல்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவார்.

என் தம்பியைப் பற்றி அந்தப் பதினோரு நாளில் அவர்கள் பேசியது ஒரு மணி நேரம்கூட இருக்காது. அவனை நேரில் பார்க்க ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனார்கள். நானும் போனேன். தம்பி அன்றைக்கு இரண்டு கோலுக்கு வழி செய்தான். ஒரு தடவை பந்து கோட்டைத் தாண்டப் போகிற நேரத்தில் விழுந்து காலால் இழுத்து உள்ளே கொண்டுவந்தான். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் கத்தினார்கள். இவர்கள் இருவரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய கோல் போஸ்ட் எந்த இடத்தில் நட்டிருந்தது என்று செருப்புக்காலால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை.

கடைசிக் கட்டம் வந்தது. இனி வளரக்கூடியவன் யார்? இதிலாவது தம்பிக்கு முழு மார்க் விழும் என்று நம்பினேன். மூன்று பேரில் இனிமேல் என்று ஒன்று மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன்தானே. அண்ணாச்சி செத்துப்போனவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டார்.

"செத்திருக்காட்டா எங்கயோ போயிருப்பான்."

"அதச் சொல்லு" என்று மேனேஜரும் ஒப்புக்கொண்டார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது. பெரியதாழைக்காரருக்கு ஒன்பதரை. பாதியில் விட்டுவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் இந்தியாவுக்கே ஆடியிருப்பாராம். தம்பிக்கு ஆறு.

"ஏன் சார் ஆறு?"

"நல்ல பையன்தாம்மா. ஆனா இவன நாம கண்ணால பாக்கோம்லா. இவன் எம்புட்டுன்னு தெரிஞ்சு போச்சு."

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "அக்கா, நான் செத்தா எனக்கு எத்தன மார்க்குப் போடுவாவ?" அம்மா அகப்பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

கூட்டிப் பார்த்தால் பெரியதாழைக்காரர் முதல், செத்தவர் இரண்டு, தம்பி மூன்று. "சார், இத இப்பிடியே அனுப்புனா அவருக்குல்லா ஆர்டரு வரும்" என்றேன். மேனேஜருக்கு அது தெரியாமல் இல்லை. பென்சிலை எடுத்தார். தம்பியின் மார்க்கை உயர்த்தப் போனார், கை வரவில்லை. பெரியதாழைக்காரரின் மார்க்கைக் குறைக்கப் போனார், அதற்கும் மனம் வரவில்லை. இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததைத் தன் கையாலேயே எப்படித் திருத்துவார்? கடைசியில், "வேல அந்தாளுக்கு எதுக்கு? வந்தாலும் வேண்டாம்னுருவான். பொறவு ஒன் தம்பிதான். அனுப்பு" என்றார்.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். மெட்ராசுக்கு அனுப்பும் கடைசிக் காப்பியை அடிக்கும்போது தம்பியின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டிரண்டு மார்க் கூட்டி அடித்தேன். அண்ணாச்சி வழக்கம்போல அடிக்கோலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார். "என்னம்மா, வெரலு வழுக்கிட்டோ?" என் காது சூடானது. தாளை வாங்கி மறுபடியும் அடித்தேன், அவர்கள் போட்ட மார்க்கோடு. முகவரிகளையும் நானே விசாரித்து அடித்தேன். செத்தவருக்கு முகவரிக் கட்டத்தில் ஏரல் என்று மட்டும் போட்டோம்.

இருபது நாளில் மெட்ராசிலிருந்து ஆர்டர் வந்தது. நேராகப் பெரியதாழைக்கே ஒன்று போய்விட்டது. எங்களுக்கு நகல்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஒரு மாதிரி ஆனார். சந்தோஷமும் பயமும் ஒரே முகத்தில் வந்து நின்றால் பார்க்கச் சகிக்காது. விண்ணப்பமே போடாத ஆளை அனுப்பினோம் என்று எழுதினால் அவர் நாற்காலி போய்விடும். "வந்து அவனே வேண்டாம்னுட்டுப் போவான், பாரு" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார். நான் நகலை வாங்கி ஃபைலில் கோத்தேன். மனதில் இருந்ததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எனக்கும் வேலை போயிருக்கும்.

அவர் திங்கட்கிழமை காலையில் வந்தார். பெட்டியில் மடித்துவைத்த மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. உப்புத் தண்ணீரில் செம்பட்டை பாய்ந்த முடி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். யாரும் அப்படி வருவதில்லை. ஆர்டரை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். நான் என்ன கேட்டாலும் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினார். இடது காது ஆழத்தில் போய்ப் போய் முழுக்கக் கேட்காது, வலதில் அரைகுறையாகக் கேட்கும். அதனால் அவரும் உரக்கத்தான் பேசினார்.

மேனேஜர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "அந்த நடையப் பாத்தியா அண்ணாச்சி! மாறவே இல்ல!" என்றார். எனக்கு அவர் சாதாரணமாக நடந்த மாதிரிதான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார், பழைய கோல்களைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தார். வந்தவர் சொல்லவில்லை. மேனேஜருக்குக் கேட்கத் துணிச்சல் இல்லை. புதுத் துறைமுகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி, "ஜாயினிங் ரிப்போர்ட்ட நீ அடிச்சு வச்சிரும்மா" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் மேஜைக்கு எதிரே அவர் உட்கார்ந்தார்.

"எம்மா, நான் அப்ளிகேசனே போடலயே. மாதா புண்ணியமா, யாரு புண்ணியம்? டாக்டரு இனி முங்கக் கூடாதுன்னுட்டாரு. என்ன செய்யன்னு தெரியாம இருந்தேன், தபால்காரன் வாரான்."

"மேனேஜருதான் ஒங்க பேரச் சொன்னாரு" என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். "அவியளா? அதிசயந்தான். அப்ப கேப்டனா இருந்து என்னைய ஃபைனல்ல ஆட விடாம வெளிய உக்கார வச்சதே அவியதான."

"எதுக்கு?"

"மொத செட்டுல ஒரு ரைட் அவுட்டு இருந்தாவளாம். நான் அவிய கால் தூசிக்குக் காண மாட்டேனாம். தெனமும் அதையே சொல்லுவாவ. அவியள நான் கண்டனா? கண்ணால காணாத ஆளுக்கிட்ட எப்பிடிம்மா ஓடி செயிக்க? ஒரு மாசம் பொறுத்தேன். பொறவு புஸ்தகத்தக் கட்டி வச்சிட்டு ஊருக்குப் போயி கடலுக்கு எறங்கிட்டேன்."

கல்லூரி தொடங்கிச் சில வருஷம்தான் ஆகியிருக்கும் அப்போது. அதற்குள் அவர்களுக்கு ஒரு பொற்காலம் வேண்டியிருந்தது. மேனேஜர் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் மைக்கூட்டை எடுத்து எறிந்திருப்பேன். இருபது வருஷமாக இவர் பெயரைச் சொல்லி வாய் வலிக்கப் புகழ்ந்த மனுஷன், இவர் தன் கண்ணெதிரே ஓடியபோது உட்காரவைத்தார். இப்போது என் தம்பியை உட்காரவைக்க இவரையே கொண்டுவந்திருக்கிறார். தான் செய்தது அவருக்கு நினைவிலாவது இருந்ததா என்பதும் சந்தேகம்.

ரிப்போர்ட்டைச் சொருகி அடிக்க ஆரம்பித்தேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர். அடுத்தது பிறந்த தேதி.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். புதிதாக ஆள் எடுத்தால் முப்பது வயதுக்குள் இருக்கவேண்டும் என்று மெட்ராஸ் விதி. எங்கள் ஆபீசில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வயது கூடினவர் என்றால் பிறந்த தேதிக் கட்டத்தில் "சரிபார்க்கப்படும்" என்று அடித்து அனுப்பிவிடுவோம். டிரைவர், வாட்ச்மேன் எல்லாருக்கும் நானே அப்படி அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அங்கேயிருந்து யாரும் கேட்டதே இல்லை. அடிப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது.

அவர் கேட்காமலேயே சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கோவிலில் எழுதி வாங்கிய ஞானஸ்நான சர்ட்டிபிகேட். "எல்லாம் கொண்டாந்திருக்கேன். பொறந்த தேதி இதுல இருக்கு, பாத்துப் போடு தாயி." நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது அவருக்கு. விதியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் அவர் காதைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். அம்மாவை நினைத்தேன், தம்பியை நினைத்தேன், என்னையும் நினைத்தேன். மார்க்கைக் கூட்டி அடித்த அதே கையால், ஒரு எழுத்துப் பிசகாமல், அந்தத் தேதியை அடித்தேன். நான் பொய் ஒன்றும் அடிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தபாலில் போய்விட்டது.

இரண்டு வாரத்தில் ஆர்டர் ரத்து. அடுத்தவரைச் சேர்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள். அடுத்தவர் காலமாகிவிட்டார் என்று மேனேஜர் வருத்தத்தோடு பதில் எழுதினார். அதையும் நான்தான் அடித்தேன். பிறகு தம்பியின் பெயருக்கு ஆர்டர் வந்தது. பரீட்சை முடிந்த மறு வாரம் அவன் வேலையில் சேர்ந்தான். அம்மா இரண்டாம் தடவையும் சாட்சி சொன்னாள். எனக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது, ஆனால் மனம் நிலைகொள்ளவில்லை. எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் டைப்ரைட்டர்மேல் காட்டினேன். அண்ணாச்சி கூட, "எழுத்து உடஞ்சிரப் போவுது, பதறாம அடி" என்றார்.

ஒருநாள் பகலில் பெரியதாழைக்காரர் மறுபடியும் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. கையில் ஓலைப் பொட்டலத்தில் கருவாடு. தம்பி டேலி புத்தகத்தோடு அப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

"இவந்தானா ஒன் தம்பி? நல்லா ஓடுவானா?"

"ஓடுவான்" என்றேன்.

உள்ளேயிருந்து மேனேஜர் குரல் வந்தது. "ஓடுவான், ஓடுவான். ஆனா ஒன்ன மாதிரி வருமாடே?" நல்ல வேளை, அவருக்கு அது கேட்கவில்லை. தம்பிக்குக் கேட்டது. அவன் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்துகொண்டான்.

பெரியதாழைக்காரர் பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்தார். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"எம்மா, ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். வீட்டுல என்னையப் போட்டுத் திட்டுதா. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா, எதுக்குச் சர்ட்டிபிகேட்ட நீட்டுனியன்னு. அத நான் காட்டாம இருந்திருந்தா அந்த வேல எனக்குக் கெடச்சிருக்குமோ?"

"கெடச்சிருக்காது" என்றேன்.

அவர் வலது காதில் கையைக் குவித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார். "என்னம்மா?"

"கெடச்சிருக்காதுண்ணே!" என்று கத்தினேன். "எப்பிடியும் கெடச்சிருக்காது!"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

பெரியதாழைக்காரர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப என்னால போவல. அது போதும். போயி அவகிட்டச் சொல்லிருதேன்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இத்தன பேருல நீ ஒருத்திதான் உள்ளத உள்ளபடி சொன்ன, தாயி" என்றார்.